முதல் கார் வாங்குறீங்களா? சன்ரூஃபுக்கு முன்னாடி நில்ஸ் போலினைத் தெரிஞ்சுக்கோங்க!

வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ 18 வயது முடிந்து, லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் அடுத்த பேச்சு கார்தான். புதுசா, செகண்ட் ஹேண்டா? மைலேஜ் எவ்வளவு? சன்ரூஃப் இருக்கா? டச் ஸ்க்ரீன் எத்தனை இன்ச்? இவ்வளவு கேட்கும் நாம், பின் சீட்டின் நடுவில் உட்காருபவருக்கு எந்த மாதிரி சீட் பெல்ட் இருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். ஆனால், ஸ்வீடனைச் சேர்ந்த ஓர் இன்ஜினீயரின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்கான பதில்தான். அவர் பெயர் நில்ஸ் போலின். இன்று உலகம் முழுக்க கார்களில் நாம் தோளுக்குக் குறுக்கே இழுத்து, இடுப்புப் பக்கம் 'க்ளிக்' என்று மாட்டும் சீட் பெல்ட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்.

யார் இந்த நில்ஸ் போலின்?

1920 ஜூலை 17 அன்று, ஸ்வீடனின் கிழக்குக் கடலோர ஊரான ஹெர்னோசாண்டில் பிறந்தவர். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். 1942-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில், சாப் விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த வேலைதான் சுவாரஸ்யம். போர் விமானம் பழுதாகி விழப்போகிறது என்றால், விமானியை சீட்டோடு சேர்த்து வெளியே தூக்கி வீசும் எஜெக்‌ஷன் சீட்டை வடிவமைக்கும் வேலை. அதாவது, மனித உடல் எவ்வளவு விசையைத் தாங்கும், எந்த எலும்பு தாங்கும், எந்த உறுப்பு தாங்காது, உடம்பை எந்த இடத்தில் பிடித்தால் ஆள் பிழைப்பார் என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தவர் போலின். அந்த அறிவுதான் பிறகு காருக்கு வந்தது.

அப்போ கார்களில் பெல்ட்டே இல்லையா?

1950-களில் பெரும்பாலான கார்களில் இல்லை. சில கார்களில் இருந்ததும் இடுப்பை மட்டும் சுற்றிக் கட்டும் இரண்டு முனை பெல்ட். விபத்து நடந்தால் இடுப்பு நிற்கும், மேல் உடம்பு நிற்காது. தலையும் நெஞ்சும் ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ போய் மோதும். பெல்ட்டே வயிற்றுக்குள் அழுந்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்துவதும் நடந்தது.

இதில் இருக்கும் விசையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்று மாடி உயரத்தில் இருந்து, கீழே விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடம்பு அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றால், ஏறக்குறைய 1,200 கிலோ பாரத்தைத் தாங்கும் விசை தேவை. கையை டேஷ்போர்டில் ஊன்றிச் சமாளித்துவிடலாம் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

அந்தக் காலத்தில் வால்வோ நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் குன்னார் எங்கெலாவ். அவருடைய உறவினர் ஒருவர் கார் விபத்தில் இறந்ததும், இந்தப் பிரச்சினையை அவர் தீவிரமாக எடுத்துக்கொள்ள ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. 1958-ல் அவர் சாப் நிறுவனத்தில் இருந்த போலினை அழைத்துவந்து, வால்வோவின் முதல் தலைமைப் பாதுகாப்பு இன்ஜினீயராக உட்கார வைத்தார்.

போலின் அப்படி என்ன செய்தார்?

மூன்று முனை பெல்ட் என்ற யோசனை போலினுக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் ரோஜர் கிரிஸ்வோல்ட், ஹக் டிஹேவன் ஆகிய இருவர் 1955-லேயே அப்படி ஒரு பெல்ட்டுக்கு காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால், அதில் கொக்கி வயிற்றுக்கு நேராக நடுவில் வந்தது. மோதும்போது அந்தக் கொக்கியே ஆபத்து.

போலினுக்கு இன்னொரு சிக்கலும் தெரிந்திருந்தது. போர் விமானி நாலு பக்கமும் வார் போட்டு இறுக்கிக்கொள்வார். அவருக்கு அது வேலையின் ஒரு பகுதி. ஆனால், கடைக்குப் போய்ப் பால் வாங்கிவர கார் எடுக்கிற ஆள் அதைச் செய்வாரா? ஒரு நிமிஷம் ஆகும், உறுத்தும், சட்டை கசங்கும் என்றால் தொடவே மாட்டார். எவ்வளவு பலமான பெல்ட்டாக இருந்தாலும், போடாத பெல்ட் யாரையும் காப்பாற்றாது. ஆக, பலத்தோடு சேர்த்து மனிதனின் சோம்பேறித்தனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டியிருந்தது.

சுமார் ஒரு வருஷ உழைப்பில் அவர் கொண்டுவந்த தீர்வு ரொம்ப எளிமையானது. ஒரு பட்டை நெஞ்சுக்குக் குறுக்கே, ஒரு பட்டை இடுப்புக்கு மேலே. இரண்டும் சீட்டுக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே ஒரே புள்ளியில் வந்து சேரும். கொக்கி வயிற்றில் இல்லாமல் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. விசை முழுவதும் உடம்பின் பலமான பகுதிகளான விலா எலும்பு, இடுப்பெலும்பு, தோள் ஆகியவற்றின் மீது பரவும். மோதும்போது பட்டை இடம் மாறாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே கையால் இழுத்து மாட்டிவிடலாம்.

தானாகச் சுருண்டு உள்ளே போகும் வசதி முதல் பெல்ட்டில் கிடையாது. அளவை நாமேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். சுருள் அமைப்பு பிறகுதான் வந்தது. ஆனால், அடிப்படை வடிவம் அன்று போட்டதுதான்.

காப்புரிமை என்ன ஆச்சு?

1959 ஆகஸ்ட் 13 அன்று, ஸ்வீடனின் கிரிஸ்டியான்ஸ்டாட் நகர டீலருக்கு ஒரு வால்வோ பிவி 544 கார் டெலிவரி ஆனது. மூன்று முனை சீட் பெல்ட் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் கார் அதுதான். 1962-ல் போலினின் பெயரில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

வால்வோ நினைத்திருந்தால் ஒவ்வொரு போட்டி நிறுவனத்திடமும் இதற்குக் காசு வாங்கியிருக்கலாம். ஆனால், இந்த வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. இன்று நம் ஊர் ஹேட்ச்பேக்கில் இருப்பதும், கோடி ரூபாய் காரில் இருப்பதும் அடிப்படையில் ஒரே பெல்ட் என்பதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

அதுதான் இல்லை. கார் தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம், தண்ணீரில் விழுந்தால் வெளியே வர முடியாது என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். இப்போதும் நம் வீடுகளில் கேட்கும் அதே காரணங்கள்தான்.

போலின் பதிலை எண்களில் தேடினார். ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய சுமார் 28,000 விபத்துகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. 1967-ல் வெளியான முடிவு ரொம்பத் தெளிவாக இருந்தது. மணிக்கு சுமார் 96 கி.மீ.க்குக் குறைவான வேகத்தில் நடந்த விபத்துகளில், பெல்ட் போட்டிருந்த ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. போடாதவர்களோ குறைந்த வேகம், அதிக வேகம் என்று வித்தியாசமில்லாமல் இறந்திருந்தார்கள்.

அதன்பிறகு சட்டங்கள் வரத் தொடங்கின. 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. பெல்ட்டின் சொந்த ஊரான ஸ்வீடனிலேயே முன் சீட்டுக்கு 1975-லும், பின் சீட்டுக்கு 1986-லும்தான் கட்டாயம் வந்தது. பொருள் தயாராகி 16 வருஷம் கழித்துத்தான் பழக்கத்தைச் சட்டமாக்க முடிந்திருக்கிறது!

போலின் 1985-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம், அதற்கு முந்தைய 100 ஆண்டுகளில் மனிதகுலத்துக்கு மிக அதிகம் பயன்பட்ட 8 காப்புரிமைகளில் ஒன்றாக அவருடைய பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது. 2002-ல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் கௌரவப் பட்டியலில் இடம்பிடித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார்.

சரி, முதல் கார் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

போலின் வாழ்க்கையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பாதுகாப்பு என்பது காரில் இருக்கும் வசதி மட்டுமல்ல, ஓட்டுபவர் அதை யோசிக்காமலே பயன்படுத்துகிற அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவருக்கு இது இன்னும் முக்கியம். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது இவற்றைச் சரிபாருங்கள்:

1. ஐந்து சீட்டிலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? பழைய கார்கள் பலவற்றில் பின் சீட் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். போலின் 1958-ல் தீர்க்கப் புறப்பட்ட அதே பிரச்சினை! அப்படி இருந்தால், அதை நான்கு பேருக்கான காராகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, விட்டால் தானாக உள்ளே போகிறதா? சட்டென்று வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

3. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவே இல்லை என்றாலும், எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். பெரிய விபத்தில் சிக்கிய காரில், மோதிய நொடியில் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனரும் ஏர்பேக்கும் ஒருமுறை வேலை செய்துவிட்டால், புதிதாக மாற்றியே ஆக வேண்டும்.

4. தயாரிப்பு தேதியைப் பாருங்கள். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக்கும், முன் சீட்களுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியும் கட்டாயம். ஏபிஎஸ் பிரேக் அதே ஆண்டு ஏப்ரலில் கட்டாயமானது. பட்ஜெட் கொஞ்சம் நீண்டால், வளைவில் கார் வழுக்கிப் போவதைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி இருக்கும் மாடலைத் தேர்வு செய்யலாம்.

5. அந்த மாடலின் மோதல் சோதனை மதிப்பெண்ணைத் தேடிப் பாருங்கள். குளோபல் என்கேப் தவிர, 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்தின் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. எந்த ஆண்டு, எந்த வேரியன்ட்டைச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்.

6. கொக்கியில் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் போலி கிளிப் சொருகியிருக்கிறதா? 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளை விற்கக்கூடாது என்று தடுத்த பொருள் அது. கிளிப் இருந்தால், முந்தைய உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதற்கும் அது ஓர் அறிகுறி.

ஏர்பேக் இருந்தால் பெல்ட் எதற்கு?

அடிக்கடி வரும் சந்தேகம் இது. பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கையில்தான் ஏர்பேக்கே வடிவமைக்கப்படுகிறது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் ஒருவர் மீது, கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் ஏர்பேக் மோதினால் அதுவே காயப்படுத்தலாம். ஏர்பேக் துணைக்கு வருவது. பிரதான வேலை பெல்ட்டுக்குத்தான்.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. 18 வயது ஆகாதவர் கையில் சாவியைக் கொடுத்து ஏதாவது நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பெல்ட் போடாமல் ஓட்டினால் அபராதம் 1,000 ரூபாய்.

கடைசியாக, சாவியைக் கொடுக்கும் அன்றே ஒரு விதியைப் போட்டுவிடுங்கள்: பின் சீட் உட்பட எல்லோருடைய பெல்ட்டும் 'க்ளிக்' ஆகாமல் கார் நகரக் கூடாது. பின்னால் பெல்ட் இல்லாமல் இருக்கும் நண்பன், விபத்தின்போது முன்னால் இருக்கும் உங்கள் தம்பியின் முதுகில்தான் வந்து மோதுவான். நண்பர்களிடம் பெல்ட் போடச் சொல்ல முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரம் அது பழக்கமாகிவிடும்.