கையொப்பத்துக்குக் காத்திருந்த கல்வி

மாணாக்கர் விடைத்தாளிற் புள்ளியிட்டுக் கையொப்பமிடுதல் முப்பது ஆண்டுகளாக யான் செய்துவரும் தொழில். அக்கையொப்பம் எத்துணைப் பாரமுடையது என்பதை, றெஜினா யோனாஸ் என்னும் யூதப் பெண்மணியின் வரலாற்றைக் கற்ற பின்னரே நன்குணர்ந்தேன்.

அவர் 1902ஆம் ஆண்டு ஜேர்மனியின் பேர்லின் நகரிற் பிறந்தார். வணிகரான தந்தையார் அவருடைய இளமையிலேயே காசநோயால் இறந்தார். வறுமையிடையே கற்று, பேர்லினில் இருந்த யூதவியல் உயர்கல்விக் கழகத்திற் சேர்ந்தார். அங்கே பெண்கள் பயிலலாம். பயின்று சமய ஆசிரியைகளாகலாம். றெஜினா நாடியதோ 'றபி' எனப்படும் குருவின் பதவி.

பெண்ணொருத்தி றபியாகலாமா என்பதே 1930இல் அவர் சமர்ப்பித்த ஆய்வின் பொருள். காலம் மாறியது, ஆகவே விதியும் மாறுக என்று அவர் வாதித்தாரல்லர். தொன்னூல்களையே சான்றாக நிறுத்தி, தடையாயிருப்பது பழக்கமும் தப்பெண்ணமுமேயன்றிச் சமய விதியன்று என நிறுவினார். பழைய நூல்களைப் பயில்வோர் எவரும் மதிக்கத்தக்க நெறி அது.

ஆய்வு நன்றென ஏற்கப்பட்டது. ஆயினும், பட்டமளிக்கும் பொறுப்பிலிருந்த தல்முத் பேராசிரியர் எடுவார்ட் பானெத் அவ்வாண்டே காலமானார். அவர்பின் வந்தவர் பெண்ணுக்குக் குருப்பட்டமளிக்க இசைந்திலர். சமய ஆசிரியைக்குரிய சான்றிதழே றெஜினாவுக்குக் கிடைத்தது. பள்ளிகளிற் கற்பித்தவாறே ஐந்தாண்டு காத்திருந்தார். 1935 டிசெம்பர் 27இல், ஒஃபன்பாக் நகரத்து றபி மாக்ஸ் டீனமான் அவரைப் பரீட்சித்துப் பட்டமளித்தார். முறைப்படி றபிப் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே.

நாசிகளின் கொடுமை முதிர்ந்த அந்நாள்களில், மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் துன்புற்றோரைத் தேற்றுவதே அவர் பணியாயிற்று. 1942 நொவெம்பரில் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆங்கும் உளமருத்துவர் விக்ரர் பிராங்கிளின் பணிக்குத் துணைநின்று, புதிதாய் வந்திறங்கியோரை எதிர்கொண்டு ஆறுதல் கூறினார். அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் பட்டியலில் 24 தலைப்புகள் உள. 1944 ஒக்ரோபரில் அவுஸ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

உயிரோடு பெயரும் மறைந்தது. 1972இல் அமெரிக்காவிற் சாலி பிறீசாண்ட் பட்டம் பெற்றபோது, அவரே முதற் பெண் றபி எனப் பலரும் எண்ணினர். பேர்லின் ஆவணக் காப்பகமொன்றிற் கிடந்த றெஜினாவின் பத்திரங்கள் 1991இலேயே வெளிச்சத்துக்கு வந்தன. அக்காலத்தே முன்னைச் சோவியத் நாடுகளிலிருந்து யூதர் பலர் வந்து குடியேற, ஜேர்மனியில் அச்சமூகம் மீண்டுந் தளிர்த்தது. அவ்வாறு வந்தவருள் ஒருவரான, உக்ரேனிற் பிறந்த அலினா திரைகர் 2010இல் றபிப் பட்டம் பெற்றார். றெஜினாவுக்குப் பின் அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவர்.

இப்போதெல்லாம் ஒரு மாணவியின் தாளின்மேல் என் எழுதுகோல் தயங்குமாயின், தடை நூலிலுள்ளதோ, என் நெஞ்சிலுள்ளதோ என யான் என்னையே வினவிக்கொள்கின்றேன்.