எடிசனும் அறுபது தோழர்களும்

மின்சார விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?

ஐந்தாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும், எடிசன் என்று சட்டென்று சொல்லுவான். பதில் தவறில்லை. ஆனால் அது முழுப் பதிலும் அல்ல!

அந்த விளக்கின் கண்ணாடிக் குமிழை ஊதியவர் ஒருவர். கணக்குப் போட்டவர் இன்னொருவர். குமிழுக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தவர் வேறொருவர். இரும்பை ராவி இயந்திரம் செய்தவர் மற்றொருவர். இத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டி வைத்து, வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்து, ஒருவர் அறிந்ததை மற்றவரும் அறியும்படி செய்தாரே, அதுதான் எடிசனின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

ரயிலில் வளர்ந்த பையன்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ ராஜ்யத்தில் உள்ள மிலான் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். தாயார் நான்சி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். ஒரு நாள் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையை, வண்டி ஏறிவிடாமல் காப்பாற்றினார். நன்றிக்கடனாக அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். அதிலிருந்து பிழைப்புக்கு வழி பிறந்தது. இளம் வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. ஆனாலும் தந்தி மேசையில் அவர் கெட்டிக்காரர்.

1869-ல் முதல் உரிமைப் பட்டயம் பெற்றார். சட்டசபையில் ஓட்டு எண்ணும் கருவி அது. யாரும் வாங்கவில்லை! ஓட்டை அவ்வளவு சீக்கிரம் எண்ணிவிட்டால் பேரம் பேச அவகாசம் ஏது? யாருக்கும் தேவைப்படாத பொருளை இனிச் செய்வதில்லை என்று அன்றே முடிவு கட்டினார்.

மரக் கட்டடம்

நெவார்க் நகரில் பட்டறை வைத்திருந்தபோது இரண்டு பேர் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சார்லஸ் பாச்சலர். இங்கிலாந்துக்காரர். நூல் ஆலையில் இயந்திரம் பூட்டுவதற்காக அமெரிக்கா வந்தவர். மற்றவர் ஜான் குரூசி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயந்திரத் தொழிலாளி. எடிசன் காகிதத்தில் எதைக் கிறுக்கிக் கொடுத்தாலும் அதைப் பொருளாக்கிக் காட்டும் கை குரூசியின் கை.

1876-ல் நியூஜெர்சியில் மென்லோ பார்க் என்ற சிற்றூரில் எடிசன் ஓர் ஆராய்ச்சிச் சாலை கட்டினார். இரண்டு மாடி மரக் கட்டடம். 100 அடி நீளம், 30 அடி அகலம். அங்கே விற்பனைக்குச் சாமான் செய்யவில்லை. புதிய யோசனைகளைச் செய்தார்கள்! பத்து நாளைக்கு ஒரு சின்னக் கண்டுபிடிப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று எடிசன் கணக்கு வைத்தார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

1877-ல் ஒரு படம் வரைந்து குரூசியிடம் கொடுத்தார். எதற்கென்று குரூசிக்குத் தெரியாது. ஓர் உருளை, அதைச் சுற்றி வெள்ளீயத் தகடு, ஒரு கைப்பிடி. எடிசன் அதன் முன் குனிந்து, ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொன்னார். மறுபடி சுழற்றியபோது இயந்திரம் அதையே திருப்பிச் சொல்லிற்று. குரூசி அசந்து போனார். கிராமபோனுக்கு மூதாதை அதுதான்.

மேசை மேல் நோட்டு

1878-ல் மின்சார விளக்கு வேலை தொடங்கியது. பணக்காரர்கள் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்துப் பணம் போட்டார்கள். ஆட்கள் பெருகினார்கள். 1880 வாக்கில் அறுபது பேருக்கு மேல் ஆகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். பாலம் கட்டும் மேஸ்திரிக்கு நாளைக்கு எந்தக் கல்லை வைப்பது என்று தெரியும். கண்டுபிடிக்கும் வேலையில் நாளைக்கு என்ன செய்வது என்பது இன்று செய்ததைப் பொறுத்தது! காலையில் வகுத்த திட்டம் மாலையில் மாறும். ஒருவர் தோற்ற வழியிலேயே இன்னொருவர் மறுபடி போய் மோதிக்கொள்ளலாம். இதை எப்படிச் சமாளிப்பது?

எடிசன் செய்தது மிக எளிய காரியம். மேசைக்கு மேசை வெள்ளை நோட்டுப் புத்தகங்களை வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். செய்த சோதனை, போட்ட படம், கண்ட பலன் எல்லாம் அதில் ஏற வேண்டும். தேதி போட வேண்டும். கூட இருந்தவர் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். பகலில் ஒருவர் விட்ட இடத்தில் இரவில் இன்னொருவர் தொடரலாம். எடிசனும் மேசை மேசையாக வந்து புரட்டிப் பார்ப்பார். புது யோசனை எழுதி, இன்னார் செய்யட்டும் என்று பெயரும் போட்டுவிடுவார்.

நிலையான பதவிகள் குறைவு. இன்று கம்பி சுற்றியவர் நாளை கரி சுடுவார். வேலைக்குத் தக்கபடி ஆட்கள் கூடுவார்கள், பிரிவார்கள். நமது கல்யாண வீடுகளில் பந்தல் வேலையில் இருந்தவர் பந்தி பரிமாற வந்துவிடுவதைப் போல!

கணக்கு வாத்தியார்

பிரான்சிஸ் அப்டன் என்பவர் பட்டதாரி. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பேரறிஞரிடம் படித்தவர். எடிசனோ பட்டம் வாங்காதவர். ஒரு முறை விளக்குக் குமிழின் கொள்ளளவை அப்டன் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். எடிசன் குமிழில் தண்ணீரை நிரப்பி அளந்து காட்டினாராம். இப்படி ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியானாலும் அப்டன் இல்லாவிட்டால் விளக்கு ஊரெங்கும் எரிந்திராது. சாதாரண இழை என்றால் மின்சாரம் கொண்டுபோக மிகப் பருமனான செம்புக் கம்பி வேண்டும். செலவு தாங்காது. மின்சாரத்தை அதிகம் தடுக்கும் மெல்லிய இழையாக இருந்தால் மெல்லிய கம்பியே போதும். இதைக் கணக்கால் நிலைநாட்டியவர் அப்டன்.

ஜெர்மனியிலிருந்து வந்த லூட்விக் போம் கண்ணாடி ஊதினார். சுமார் 19 வயதுப் பிள்ளை பிரான்சிஸ் ஜெல், பாதரசப் பம்பை இயக்கிக் காற்றை எடுத்தார். தையல் நூலைக் கரியாகச் சுட்டு, ஒடியாமல் குமிழுக்குள் பொருத்துவது பாச்சலரின் விரல்கள் செய்த அற்புதம்.

1879 அக்டோபர் 22-ந் தேதி இரவு ஒன்றரை மணிக்கு ஏற்றிய விளக்கு பிற்பகல் 3 மணி வரை எரிந்தது. பின்னாளில் இது 40 மணி நேரம் என்று பத்திரிகைகளில் வளர்ந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் இருப்பதோ பதின்மூன்றரை மணிதான்!

அந்த டிசம்பர் 31-ந் தேதி இரவு விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் ரயில் ஏறி வந்தது. 1882 செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் எரிந்தவை சுமார் 400 விளக்குகள்.

நள்ளிரவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாடியில் ஓர் ஆர்கன் வாத்தியம் இருந்தது. வாசிப்பார்கள், பாடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இனிக்கவில்லை. சம்பளம் குறைவு, நேரம் காலம் கிடையாது. கண்ணாடி ஊதிய போமைக் கேலி செய்தே வாட்டினார்கள். அவர் 1880-ல் விலகிப் போனார்.

யாருக்குப் பெயர்?

பாச்சலருக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது. அப்டனுக்கும் பங்கு உண்டு. மற்றவர்களுக்குக் கூலிதான். உரிமைப் பட்டயத்தில் பெரும்பாலும் எடிசன் பெயர். அப்படி அவர் அமெரிக்காவில் வாங்கியவை 1,093! இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் தனியே விளக்குச் செய்திருந்தார். அங்கே இருவரும் 1883-ல் கூட்டுச் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் வழக்கு நீண்டது. 1892-ல் மேல் கோர்ட்டு எடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, பட்டயத்தின் ஆயுள் இன்னும் இரண்டு வருஷமே!

பிறர் சொல்லைக் கேட்கும் குணமும் பிற்காலத்தில் குறைந்தது. மாறு மின்னோட்டமே நல்லது என்று நம்பிய டெஸ்லா 1884-ல் அவரிடம் சேர்ந்து, சில மாதங்களில் போய்விட்டார். எடிசன் பிடிவாதமாக நேர் மின்னோட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 1892-ல் கம்பெனிகள் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது, அதில் எடிசனின் பெயரே இல்லை.

இதைவிட வருத்தமான கதை ஒன்று உண்டு. 1887-ல் வெஸ்ட் ஆரஞ்சில் கட்டிய பெரிய ஆராய்ச்சிச் சாலையில் கிளாரன்ஸ் டாலி என்பவர் எக்ஸ்ரே வேலை செய்தார். குழாய் சரியாக இருக்கிறதா என்று தம் கையை வைத்தே சோதிப்பார். கை புண்ணாயிற்று. கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. 1904-ல் இறந்தார். எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார்.

சுத்தமான தரை

1929-ல், விளக்கின் பொன்விழாவுக்காக, ஹென்றி போர்டு தமது டியர்பார்ன் நகரில் பழைய மென்லோ பார்க்கை அப்படியே கட்டி வைத்தார். 82 வயது எடிசன் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரிதான், ஆனால் எங்கள் தரை இவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தாராம். குரூசி, பாச்சலர், அப்டன் மூவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பம்பின் அருகே நின்றவர் ஜெல். இப்போது அவரும் கிழவர்!

1931 அக்டோபர் 18-ந் தேதி எடிசன் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்கள் சுமார் 3,500. கடிதங்களும் காகிதங்களும் சேர்த்தால் பக்கங்கள் 50 லட்சம். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் அவற்றைப் பிரித்துப் படித்து, எந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்து, 1989 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வருகிறார்கள்.