ஆறாத் துயரில் ஆறுதல் கண்ட அன்னை



இறப்பு நிகழ்ந்த இல்லத்தில் அடக்கச் சடங்குகள் முடிந்து, 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் நிறைவேறிய பின்னர் துயரம் தணிந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலானோரிடத்தில் நாளடைவில் அது தணியவே செய்கிறது. சிலரிடத்திலோ மாதங்கள் பல கடந்தும் பிரிவின் வேதனை முதல் நாளைப் போலவே நிலைத்துவிடுகிறது. அத்தகையோரை விசுவாசத்தில் குன்றியவர்கள் என்று நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடுகிறோம். அவ்வாறு தீர்ப்பிடுமுன், திருச்சபை ஆகஸ்ட் 12ஆம் திகதி நினைவுகூரும் புனித ஜேன் பிரான்சஸ் தெ சாந்தால் அம்மையாரின் வாழ்வைச் சற்று நோக்குங்கள்.

பிரான்ஸ் நாட்டின் டிஜோன் நகரில் 1572ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி ஜேன் பிறந்தார். தந்தை பெரும் செல்வாக்குடைய நீதிபதி. தாயையோ, பதினெட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவர் இழந்தார். 1592ஆம் ஆண்டில் சாந்தால் பிரபுவான கிறிஸ்தோப் என்பவரை மணந்து, சீர்குலைந்து கிடந்த அவரது குடும்பச் சொத்துக்களைத் தமது திறமையால் சீர்படுத்தினார். கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் ஆழ்ந்த அன்பு கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பிறந்த அறுவரில் முதல் இரு குழந்தைகளும் பிறந்தவுடனே இறந்துபோயினர். ஏனைய நால்வருமே அந்த இல்லத்தின் மகிழ்ச்சியாயினர்.

1601ஆம் ஆண்டில், கடைசி மகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், கிறிஸ்தோப் வேட்டைக்குச் சென்றார். உடன் சென்ற உறவினரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து அவரைப் படுகாயப்படுத்தியது. ஒன்பது நாட்கள் வேதனையில் துடித்த அவர், தம்மைச் சுட்டவரை முழு மனதோடு மன்னித்து உயிர் நீத்தார். ஜேனால் அவ்வாறு மன்னிக்க முடியவில்லை. முப்பது வயதை எட்டுமுன்பே கைம்பெண்ணான அவர், அழுது அழுது உடல் மெலிந்தார். அந்த உறவினரைக் காணவும் அவர் மனம் இடந்தரவில்லை.

அவரது துயரத்தைப் பெருக்கிய வேறு காரணங்களும் இருந்தன. மாமனார் அவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கு வருமாறு பணித்தார். மறுத்தால் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்துரிமை இல்லை என்று அச்சுறுத்தினார். அவ்வீட்டில் அதிகாரம் செலுத்தியவளோ ஒரு பணிப்பெண். அங்கே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஜேன் அவமதிப்பைச் சகித்து வாழ்ந்தார். ஆறுதல் தேடிச் சென்ற ஞான வழிகாட்டியும் கடுமையான செபதவங்களைச் சுமத்தியதோடு, தம்மையன்றி வேறெவரிடமும் உள்ளத்தைத் திறக்கலாகாது என்று வார்த்தைப்பாடும் வாங்கிக்கொண்டார். இவ்வாறு துயருற்றவரின் வாயும் அடைக்கப்பட்டது.

துயரம் ஆறாமல் நீடிப்பதற்கு ஏதுவானவை என்று இன்றைய மருத்துவ அறிவு சுட்டுகின்ற பலவற்றை ஜேனின் வாழ்வில் காண்கிறோம். எதிர்பாராத, கோரமான இறப்பு, வாழ்க்கைத் துணையை அல்லது பிள்ளையை இழத்தல், சிறு வயதிலேயே நேர்ந்த இழப்பு, ஆதரவற்ற சூழல், மனம்விட்டுப் பேச ஆளில்லாத தனிமை. முன்னரே மனச்சோர்வுக்கு உட்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், ஆறு மாதங்களுக்கு மேலாகத் தணியாது நீடித்து அன்றாட வாழ்வையே முடக்கும் கடுந்துயரம் தனியொரு பாதிப்பாக இடம்பெற்றுள்ளது. ஆகவே, ஆறாத துயரம் விசுவாசக் குறைவின் அடையாளமன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆற்றும் வழிகளும் உண்டு.

1604ஆம் ஆண்டு தபசு காலத்தில், ஜெனீவாவின் ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் டிஜோன் நகரில் மறையுரையாற்ற வந்தார். ஜேன் அவரிடம் தம் உள்ளத்தைத் திறந்தார். ஆயரோ அவரது கண்ணீரைக் கடிந்துகொள்ளவில்லை. முன்னைய வார்த்தைப்பாடுகளினின்று அவரை விடுவித்து, மிகையான தவமுயற்சிகளைக் குறைத்து, பிள்ளைகளையும் வயோதிப மாமனாரையும் அன்போடு பராமரிப்பதையே புண்ணிய வழியாகக் காட்டினார். கணவரைச் சுட்ட மனிதரைத் தேடிச் செல்லுமாறும் அவர் வற்புறுத்தவில்லை. சந்திக்க நேர்ந்தால் கனிவுள்ள இதயத்தோடு சந்திக்குமாறு மட்டுமே அறிவுறுத்தினார். காலம் கனிந்தது. ஜேன் அம்மனிதரைச் சந்தித்தார். பின்னர் அவருடைய குழந்தைக்கு ஞானத்தாயாகவும் நின்றார். இந்த மன்னிப்புக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை நாம் மறக்கலாகாது.

1610ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி, அன்னெசி நகரில், மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்வின் பெயரைத் தாங்கிய துறவற சபையை ஜேன் ஆயரோடு இணைந்து தொடங்கினார். கடும் தவ ஒழுங்குகளைத் தாங்க இயலாத நலிந்தோருக்கும் கைம்பெண்களுக்கும் அச்சபையின் கதவு திறந்திருந்தது. தொடக்க காலத்தில் அச்சகோதரிகள் நோயுற்ற ஏழைகளை வீடு தேடிச் சென்று பராமரித்தனர்.

இழப்புகள் அத்தோடு நின்றுவிடவில்லை. கடைசி மகள் 1610இலும், தந்தை 1611இலும் இறந்தனர். 1617இல் மருமகனும், சில மாதங்களில் மகளும் மறைந்தனர். 1622இல் சலேசியார் இறைவனடி சேர்ந்தார். 1627இல் ஒரே மகன் போர்க்களத்தில் மடிந்தான். ஒவ்வொரு முறையும் ஜேன் அழுதார். உள்ளத்தின் இருளும் நெடுங்காலம் அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் இப்போது அவர் தனித்திருக்கவில்லை. உடன் அழும் சகோதரிகளும், செவிமடுக்கும் வழிகாட்டிகளும், ஆற்றவேண்டிய பணியும் இருந்தன. 1641ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி அவர் மரித்தபோது, அச்சபைக்கு 80க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன. 1767இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பார்ந்தவர்களே, உங்கள் உறவிலோ அயலிலோ, இவ்வாறு துயரத்தில் உறைந்துபோன ஒருவர் இருக்கக்கூடும். விபத்தில் கணவனை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், இறுதியாக முகம் காணவும் வாய்ப்பின்றிப் பிரிந்தவர் என அவர் எவராகவும் இருக்கலாம். எல்லாம் இறைசித்தம், அழாதே என்று சொல்லி அவரது வாயை அடைத்துவிடாதீர்கள். 31ஆம் நாளுக்குப் பின்னரும் அவ்வீட்டுக்குச் செல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச இடங்கொடுங்கள். பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டுக் காரியங்களிலும் தோள்கொடுங்கள். உணவும் உறக்கமும் குலைந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால், தாமதியாது மருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவ்வாறு செய்வது இறைநம்பிக்கைக்கு முரணானதன்று. செபமும் சிகிச்சையும் ஒன்றாகச் செல்லலாம்.

துயருற்றிருப்பவர் நீங்களே என்றால், உங்கள் கண்ணீரையிட்டு வெட்கப்படாதீர்கள். இலாசரின் கல்லறையருகே கண்ணீர் சிந்திய ஆண்டவர் அதனை அறிவார். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இவ்வாரமே உங்கள் உள்ளத்தைத் திறந்து பேசுங்கள். புனித ஜேன் பிரான்சஸ் தெ சாந்தால் உங்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.