பச்சைப் பாலில் பதுங்கியிருந்த காய்ச்சல்: ஆலிஸ் எவன்ஸ் சொன்னதை ஏன் யாரும் நம்பவில்லை?

பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்ற வார்த்தையைத் தினமும் பார்க்கிறோம். அதை நின்று படிப்பவர்கள் குறைவு. கூடவே, காய்ச்சாத பச்சைப் பால்தான் இயற்கையானது, சத்து அதிகம் என்று சொல்லும் ரீல்ஸ்களும் இப்போது அதிகமாகிவிட்டன.

இந்த விவாதம் புதுசு கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. ஒரு பக்கம் பால் வியாபாரிகள், கால்நடை மருத்துவர்கள், பெரிய பெரிய விஞ்ஞானிகள். இன்னொரு பக்கம் பிஎச்டி பட்டம் இல்லாத ஒரு பெண், ஆலிஸ் கேத்தரின் எவன்ஸ். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆனது. அதற்குள் அந்த நோய் அவரையே பிடித்துவிட்டது.

யார் இந்த ஆலிஸ் எவன்ஸ்?

1881 ஜனவரி 29 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் நீத் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா விவசாயம் பார்த்தார், நில அளவையாளராகவும் இருந்தார். அம்மா ஆசிரியை. பள்ளிப் படிப்பை முடித்ததும் காலேஜ் போக ஆசை இருந்தது, காசு இல்லை. அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்குக் கிடைத்த ஒரே வேலை டீச்சர் வேலைதான். நாலு வருஷம் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். அதில் அவருக்குப் பெரிதாக ஈடுபாடு இல்லை.

அப்போது கார்னெல் பல்கலைக்கழகம் கிராமப்புற ஆசிரியர்களுக்காக இரண்டு வருட இயற்கை அறிவியல் படிப்பைக் கட்டணமில்லாமல் நடத்தியது. அதில் சேர்ந்தவருக்கு அறிவியல் பிடித்துப்போனது. அங்கேயே தங்கி 1909இல் பாக்டீரியாலஜியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அந்தத் துறையின் உதவித்தொகை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பிஎச்டி பண்ணச் சொல்லிப் பேராசிரியர் ஒருவர் வற்புறுத்தினார். பணமும் தெம்பும் இல்லை என்று வேலைக்குப் போனார். இந்த முடிவு பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பியது.

அமெரிக்க வேளாண் துறையின் பால்பண்ணைப் பிரிவில் வேலை கிடைத்தது. செடார் சீஸின் சுவையைக் கூட்டுவது எப்படி என்பதுதான் முதல் ஆராய்ச்சி. 1913இல் தலைநகர் வாஷிங்டனில் இருந்த புதிய லேபுக்கு மாற்றல். ஒரு பெண் விஞ்ஞானி வரப்போகிறார் என்று தெரிந்ததும் அதிகாரிகள் ஆடிப்போய்விட்டார்களாம். அந்தப் பிரிவில் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவர்தான்.

இரண்டு நோய்கள், இரண்டு பெயர்கள்

ஆலிஸின் கண்டுபிடிப்பு புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவு அப்போது பிரிட்டன் வசம் இருந்தது. அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு ஒரு விநோதமான காய்ச்சல் வந்தது. ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும். கூடவே ராத்திரி வியர்வை, மூட்டு வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு. 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலில் இருந்து இதற்கான கிருமியைப் பிரித்தெடுத்தார். உருண்டையாகத் தெரிந்ததால் 'மைக்ரோகாக்கஸ்' வகையில் சேர்த்தார்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித், நல்ல ஆரோக்கியமாகத் தெரிந்த ஆடுகளின் உடம்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். வழி, ஆட்டுப் பால். மறு வருஷம் ராணுவத்தில் ஆட்டுப் பாலை நிறுத்தியதும், வீரர்களிடையே காய்ச்சல் சட்டென்று குறைந்தது.

இன்னொரு பக்கம் டென்மார்க். மாடுகள் சினைக்காலம் முடியும் முன்பே கன்று வீசுவதற்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று 1897இல் பெர்ன்ஹார்டு பேங் என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். அது குச்சி போலத் தெரிந்ததால் 'பேசில்லஸ்' ஆனது.

ஒன்று ஆட்டிலிருந்து மனுஷனுக்கு வருவது, இன்னொன்று மாட்டுக்கு மட்டும் வருவது. ஒன்று உருண்டை, இன்னொன்று குச்சி. ஒன்றை மனித மருத்துவர்கள் பார்த்தார்கள், மற்றொன்றைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

லேபில் என்ன நடந்தது?

அப்போதுதான் கறந்த பசும்பாலில் என்னென்ன பாக்டீரியா இருக்கும் என்பது ஆலிஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கன்று வீச்சுக் கிருமி, பார்க்க நல்லா இருக்கும் மாட்டின் மடியிலும் இருந்து பாலில் இறங்குகிறது என்பது அவரை யோசிக்க வைத்தது. மாட்டை நோயாக்கும் கிருமி பாலில் இருக்கிறது. அந்தப் பாலை மனுஷன் குடிக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மால்டா கிருமியையும் கன்று வீச்சுக் கிருமியையும் ஒரே மாதிரி வளர்த்து, ஒரே மாதிரி சோதனைகளுக்கு உட்படுத்தினார். சாதாரணச் சோதனைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சினையாக இருந்த கினி பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோதும் விளைவு ஒரே மாதிரிதான். இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, உடன்பிறப்புகள் என்பது தெளிவானது.

1917இல் அமெரிக்க பாக்டீரியாலஜிஸ்டுகள் சங்கத்தின் கூட்டத்தில் இதை அறிவித்தார். 1918இல் கட்டுரையாக வெளியானது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: பச்சைப் பசும்பால் மனிதர்களுக்கு இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரலாம், அதனால் பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிட்டு விற்பதே பாதுகாப்பு.

ஏன் நம்பவில்லை?

முதல் காரணம் அறிவியல் சம்பந்தப்பட்டது. இது உண்மையாக இருந்தால், இத்தனை பெரிய விஞ்ஞானிகளின் கண்ணில் படாமல் போயிருக்குமா என்ற கேள்வி. அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய பாக்டீரியாலஜிஸ்டான தியோபால்ட் ஸ்மித்தும் நம்பவில்லை. மாட்டுப் பால்தான் காரணமென்றால் நாடு முழுக்க நோயாளிகள் இருக்க வேண்டுமே, எங்கே அவர்கள் என்பது சந்தேகப்பட்டவர்களின் வாதம். கேட்க நியாயமாகவே தெரிந்தது.

இரண்டாவது காரணம் பணம். அந்தக் காலத்தில் சுத்தமான தொழுவம், சுத்தமான கை, சுத்தமான பாத்திரம் என்று சான்றிதழ் வாங்கிய பச்சைப் பால் அதிக விலைக்கு விற்றது. ஆலிஸ் சொன்னது அந்த வியாபாரத்தின் அடிமடியிலேயே கை வைத்தது. வெளியிலிருந்து விழும் அழுக்கைச் சுத்தத்தால் தடுக்கலாம். மடியிலிருந்தே வரும் கிருமியைத் தொழுவத்தைக் கழுவித் தடுக்க முடியாது. பாஸ்சரைசேஷன் இயந்திரம் விற்கும் கம்பெனிகளுக்காக அவர் பேசுகிறார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

மூன்றாவது காரணம், அவர் ஒரு பெண். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்ததே 1920இல்தான். பிஎச்டியும் இல்லாத ஒரு பெண் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னதைப் பலரால் ஏற்க முடியவில்லை.

ஆலிஸ் பதிலுக்குப் பதில் கத்தவில்லை. பொது சுகாதாரத் துறையின் ஆய்வகத்துக்கு மாறி (பின்னாளில் தேசிய சுகாதார நிறுவனமாக ஆனது இதுதான்), தொடர்ந்து மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்துக்கொண்டே இருந்தார்.

1920இல் கலிஃபோர்னியாவில் கார்ல் மேயர் என்ற விஞ்ஞானியின் லேப் ஆலிஸின் முடிவை உறுதி செய்தது. அங்கிருந்துதான் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கு டேவிட் புரூஸின் நினைவாக 'புருசெல்லா' என்ற பெயரும் வந்தது. நோய் 'புருசெல்லோசிஸ்' ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) அமெரிக்காவிலும் மாடு வழியே இந்தக் காய்ச்சல் வந்த நோயாளிகள் ஒவ்வொருவராக அடையாளம் காணப்பட்டார்கள். எங்கே அவர்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. நோயாளிகள் முன்பும் இருந்தார்கள். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று டாக்டர்கள் வேறு பெயர்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

லேபிலிருந்து உடம்புக்குள்

1922இல் ஆலிஸுக்கே புருசெல்லோசிஸ் வந்தது. லேபில் கையாண்ட கிருமி உடம்புக்குள் போய்விட்டது. அப்போது ஆன்டிபயாட்டிக் கிடையாது. காய்ச்சல், வலி, சோர்வு வரும், போகும், மறுபடி வரும். இது சுமார் 20 வருஷம் நீடித்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த நோயை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர்களில் ஒருவரான அவருக்கே டாக்டர்கள் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று அர்த்தம். சில வருஷம் கழித்து ஓர் அறுவை சிகிச்சையின்போது அவர் உடம்பிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பரிசோதனையில் சிக்காமல் பல வருஷம் இழுக்கும் புருசெல்லோசிஸ் பற்றி அவர் பின்னாளில் அக்கறையோடு எழுதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

பாரிஸ் மாநாடு

1928இல் அமெரிக்க பாக்டீரியாலஜிஸ்டுகள் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 11 வருஷத்துக்கு முன்பு அவருடைய ஆய்வைச் சந்தேகத்தோடு கேட்ட அதே சங்கம்.

1930 ஜூலையில் முதல் சர்வதேச நுண்ணுயிரியல் மாநாடு பாரிஸில் கூடியது. நோபல் பரிசு பெற்ற ஜூல் போர்தே அதற்குத் தலைமை. அமெரிக்கப் பிரதிநிதியாகப் போனவர்களில் ஆலிஸும் ஒருவர். பாலுக்கும் மதுவுக்கும் சூடு வைத்துக் கிருமியைக் கொல்லும் முறைக்குப் பெயர் கொடுத்த லூயி பாஸ்டரின் ஊர் அது. பாக்டீரியாக்களுக்கு உலகம் முழுக்க ஒரே முறையில் பெயரிட ஒரு சர்வதேசக் குழு அமைக்கும் முடிவும் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஒரே குடும்பக் கிருமிக்கு இரண்டு துறைகள் இரண்டு பெயர் வைத்ததால் எத்தனை வருஷம் வீணானது என்பதை ஆலிஸைவிட நன்றாக உணர்ந்தவர் அங்கே அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். 1936இல் லண்டனில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கும் போனார்.

இதற்கிடையில் அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாகப் பாஸ்சரைசேஷனைக் கட்டாயமாக்கின. முறை சிம்பிள்: பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்க வேண்டும். புருசெல்லா பிழைக்காது. மாடுகளைச் சோதித்து நோயுள்ளவற்றை மந்தையிலிருந்து நீக்குவதும் சேர்ந்துகொள்ள, நோய் மளமளவென்று குறைந்தது.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை

1945இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகும் 1957 வரை அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் புருசெல்லோசிஸ் குழுவுக்குக் கௌரவத் தலைவராக இருந்தார். அறிவியல் துறைக்கு வரும் பெண்களுக்காக ஊர் ஊராகப் பேசினார்.

80 வயதைத் தாண்டிய பிறகு இன்னொரு சண்டை. 1966இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டு விண்ணப்பத்தில், கம்யூனிஸ்ட் அமைப்புகளோடு தொடர்பில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கருத்துச் சுதந்திரத்தில் தலையிட நீங்கள் யார் என்ற கோணத்தில் அதை எதிர்த்தார். அந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு எதிரானது என்பதை 1967இல் நீதித்துறை அமைச்சகம் ஒப்புக்கொண்டது.

1975 செப்டம்பர் 5 அன்று, 94 வயதில் வர்ஜீனியாவில் காலமானார்.

இன்றைக்கு நமக்கு என்ன?

நம்ம வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சும் பழக்கம் இருக்கிறது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இந்திய மாடுகளிடம் இந்த நோய் இன்னும் இருக்கிறது. 2019இல் மத்திய அரசு 12,652 கோடி ரூபாயில் தொடங்கிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இரண்டு இலக்குகளில் ஒன்று கோமாரி, மற்றொன்று புருசெல்லோசிஸ். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஒரு தடுப்பூசி போடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

• கறந்த பாலை அப்படியே குடிக்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டு மாடு, சுத்தமான தொழுவம் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. காய்ச்சாத பாலில் செய்த சீஸுக்கும் இது பொருந்தும்.

• பால் மட்டுமே வழி கிடையாது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, கழிவுகளை வெறும் கையால் தொட்டாலும் தொற்றலாம். மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்கள் கையுறை போட வேண்டும்.

• இன்று சிகிச்சை இருக்கிறது. வழக்கமாக இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து சுமார் 6 வாரம் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

• காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்தால், மாட்டோடு புழங்கியதையோ பச்சைப் பால் குடித்ததையோ டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். இந்தக் காய்ச்சல் இன்றும் டைஃபாய்டு போலவே தெரியும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால், சரியான ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க டாக்டருக்குத் தோன்றாமலே போகலாம்.