நிலத்தின் நாடி பார்த்த ஓல்டாம்

அகத்தியர் மலையின் அடிவாரத்திலே, நெய்யாற்று அணைக்கட்டின் அருகே இருக்கிறது எங்கள் அம்பூரி. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ரப்பர் வெட்டும் வேலைக்காக அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழையால் மலை சரிந்து, அவ்வூரில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. ஆயினும், காலடி நிலத்தை முழுக்க நம்பக் கூடாது என்பதை ஏட்டிலே படிப்பதற்கு முன் வீட்டிலே கேட்டு வளர்ந்தேன்.

இன்று என் ஆராய்ச்சியும் நிலத்தைப் பற்றியதே. நிலப்பிளவின் குறுக்கே செல்லும் சுரங்கப்பாதை, நிலநடுக்கம் வந்தால் என்னவாகும் என்று கணிப்பொறியிலே கணித்துப் பார்க்கிறேன். முதல் முயற்சியில் அதிர்வை மட்டும் கொடுத்தேன். திரையிலே சுரங்கம் கீறலின்றி நின்றது. பெருமிதத்தோடு ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், ஓல்டாமின் அறிக்கையைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் 1858-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை தாமஸ் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். 1869-இல் கச்சார் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த அவர், அதனை நூலாக்கி முடிக்குமுன் 1878-இல் காலமானார். மறு ஆண்டு, ஏறத்தாழ நம் வயதிலே, மகன் அதே துறையில் சேர்ந்தார்; தந்தை விட்டுச் சென்ற பணியை முடித்து 1882-இல் வெளியிட்டார்.

1897 ஜூன் 12-ஆம் நாள் மாலை அசாமும் ஷில்லாங் மேட்டுநிலமும் குலுங்கின. கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். ஓல்டாம் மேசையருகே அமர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் செய்தி திரட்டினார்; களத்திலே நின்று அளந்தார். சேத்ராங் ஆற்றின் ஓரம் நிலம் பிளந்து, ஒரு புறம் 35 அடி வரை உயர்ந்திருந்ததைக் கண்டார். ஓடிய நீர் சில இடங்களில் அருவியாக விழுந்தது; சில இடங்களில் தடைப்பட்டுக் குளமாயிற்று. இவற்றையெல்லாம் 1899-இல் பேரறிக்கையாக வெளியிட்டார்.

அதோடு நிற்கவில்லை. தொலைநாட்டுக் கருவிகளில் பதிந்த கோடுகளைப் படித்து, நிலநடுக்க அலைகள் மூவகை என 1900-இல் காட்டினார். உடல்நலம் குன்றி 1903-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. பூமியின் நடுவிலே வேறொரு தன்மையுள்ள கரு உண்டு என்பதற்கு 1906-இல் அந்த அலைகளையே சான்றாக நிறுத்தினார். 1936-இல் மறைந்தார்.

அவர் பூமியின் கருவைக் கண்ட அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் வந்தது. அங்கே மலையைக் குடைந்து சென்ற ரயில் சுரங்கம் ஒன்று, நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில் ஏறத்தாழ 5 அடி விலகிப் போயிற்று.

என் பிழை அப்போதுதான் விளங்கியது. ஆழத்திலுள்ள சுரங்கம் தன்னைச் சூழ்ந்த பாறையோடு சேர்ந்து ஆடும்; பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிளவின் இரு புறமும் எதிரெதிராக நகர்ந்தால், கத்தரியில் அகப்பட்ட துணிதான்! ஆகவேதான் அவ்விடத்தில் சுரங்கத்தை அகலமாகக் குடைந்து, கான்கிரீட் உறையைத் துண்டு துண்டாக, வளைந்து கொடுக்கும்படி அமைக்கிறார்கள். நிலத்தின் நகர்வையும் சேர்த்து மீண்டும் கணித்தேன். திரையில் சுரங்கம் முறிந்தது.

1897-ஆம் ஆண்டின் பழைய அளவைகளை மறுபடி ஆராய்ந்த அறிஞர்கள், அந்த நடுக்கத்துக்கு மூலமெனத் தாங்கள் கருதிய மறைந்த பிளவுக்கு ஓல்டாமின் பெயரையே சூட்டினார்கள். அதுவும் 2001-இல்தான், எங்கள் மலை சரிந்த அதே ஆண்டு.

நண்பர்களே, கணிப்பொறி நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். அதை நம்பிச் சுரங்கத்துள் நாளை மனிதர்கள் செல்வார்கள். ஓல்டாமிடம் கணிப்பொறி இல்லை. கண்ணும் காலும் அளவுகோலும் இருந்தன. அவை நம்மிடமும் இருக்கின்றன, பயன்படுத்துவோம்.