மருத்துவர் மேரி வர்கீஸ்

பாலாற்றங்கரை ஊர்களான வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. வாணியம்பாடியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தடுப்பு மருந்து ஊர்தோறும் எட்டாத காலத்தில், இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வழியே செல்லும் கூலித் தொழிலாளி ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழக்க நேர்ந்தது. அந்நோய்க்கான மருத்துவமோ ஒருமுறை சென்று வந்தால் முடிவதன்று. சில தசைகள் செயலிழக்க, எஞ்சியவை ஒருபுறமாக இழுப்பதால் மூட்டு மடங்கியே இறுகிவிடும். அதைத் தடுக்க நாள்தோறும் பயிற்சி வேண்டும். காலிப்பர் எனப்படும் உலோகத் தாங்கியையும் குழந்தை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பின்னும் தொடர வேண்டிய இம்மறுவாழ்வு மருத்துவத்திற்கு வேலூரில் அடித்தளம் இட்டவர் மேரி வர்கீஸ்.

கொச்சிக்கு அருகிலுள்ள செறாயில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகப்பேறு மருத்துவத்தில் சிறக்க வேண்டும் என்பதே அவரது விருப்பம். 1954 சனவரியில் உடன் பணியாற்றியோருடன் அவர் சென்ற ஊர்தி, சாலையோர மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். தண்டுவடம் சிதைந்து, உடலின் கீழ்ப்பகுதி உணர்வும் இயக்கமும் இழந்தது. நேற்றுவரை பிறருக்கு மருத்துவம் பார்த்தவர், திரும்பிப் படுக்கவும் பிறர் கையை எதிர்பார்த்தார்.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம்மாற்றி நிமிர்த்தும் அறுவைமுறையில் அவர் வல்லவர். கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நின்றாக வேண்டிய கட்டாயம் இல்லை, அமர்ந்தும் செய்யலாம். எளிய இவ்வுண்மை மேரிக்குத் தொழிலை மீட்டுத் தந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவாறே அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார்.

பின்னர் ஆத்திரேலியாவின் பெர்த் நகரில், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதலாகப் பிறர் துணையின்றி வாழும் பயிற்சியை நோயாளியாக இருந்து பெற்றார். அதன்பின் நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஓவர்டு ரசுக்கின் நிறுவனத்தில் அத்துறையைக் கற்றார். தாயகம் திரும்பி, 1960களின் தொடக்கத்தில் வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைவரானார்.

அயல்நாட்டில் கற்றதை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. அங்குள்ள வழவழப்பான தரையும் மின்தூக்கியும் நம் சிற்றூர் வீடுகளில் ஏது? வாசற்படியைத் தாண்ட வேண்டும். தரையில் அமர்ந்து சமைக்க வேண்டும். தண்ணீருக்குக் கிணற்றடிவரை செல்ல வேண்டும். நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் பயிற்சி பெற்றாலன்றி அம்மருத்துவம் வீடுவரை வந்து சேராது. வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இத்தேவைக்கு இடமளித்தது. உடற்பயிற்சி வல்லுநரும் செயற்கை உறுப்பும் காலிப்பரும் செய்யும் கைவினைஞரும் மருத்துவருக்கு நிகராக அங்குத் தேவைப்பட்டனர். இந்திய அரசு 1972இல் மேரிக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1986 திசம்பரில் அவர் மறைந்தார்.

எத்துணைச் சிறந்த நிலையமாயினும் பாகாயத்தில் இருப்பதனால் வாணியம்பாடியின் தொலைவு குறைந்துவிடாது. நோயைத் தடுத்ததில் நாடு பெருவெற்றி கண்டது. 2011க்குப் பின் இந்தியாவில் காட்டு வகைக் கிருமியால் இளம்பிள்ளை வாதம் எவருக்கும் வரவில்லை. 2014இல் நாடு அந்நோயற்றதெனச் சான்று பெற்றது. மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுகளுக்கோ அத்தகைய சொட்டு மருந்து இல்லை. அக்குழந்தைகளுக்கு இன்றும் நாள்தோறும் பயிற்சி வேண்டும். அதைத் தாய்க்குக் கற்றுத்தர அவள் வீட்டுக்கு அருகிலேயே ஒருவர் வேண்டும்.