மனத்தை அளக்கக் கிளம்பிய மருத்துவர்: யார் இந்த ஹன்ஸ் பெர்கர்?

தலை முழுக்க வயர்களை ஒட்டி, திரையில் கோடுகள் மேலும் கீழும் ஓடும் பரிசோதனையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஈஈஜி. வலிப்பு, தூக்கக் கோளாறு, கோமா என்றால் மருத்துவர்கள் நாடும் கருவி.

மனிதர்களிடம் முதன்முதலில் அதைப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹன்ஸ் பெர்கர். ஆனால் அவர் தேடியது வேறொன்று. ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குச் செய்தி போகுமா? போகும் என்றால் அந்தச் சக்தியை அளக்க முடியுமா?

என்னடா இது, மந்திரவாதம் மாதிரி இருக்கே என்று தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

குதிரையும் தந்தியும்

பெர்கர் 1873இல் பிறந்தார். முதலில் படிக்கப் போனது கணிதமும் வானியலும். அது பிடிக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஓராண்டு ராணுவத்தில் சேர்ந்தார்.

ஒருநாள் பயிற்சியின்போது அவருடைய குதிரை மிரண்டது. கீழே விழுந்தவர், பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரத்துக்கு நேர் முன்னால் கிடந்தார். வண்டி கடைசி நொடியில் நின்றது.

அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய அக்கா அடம்பிடித்ததால், நலமா என்று கேட்டு அப்பா அனுப்பிய தந்தி அது.

தற்செயல் என்று நாம் சொல்லிவிடலாம். பெர்கரால் முடியவில்லை. மருத்துவம் படித்து, ஜேனா நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றினார்.

முப்பது ஆண்டுத் தேடல்

முதலில் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார். பிறகு மூளையின் வெப்பநிலை. யோசிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் எவ்வளவு மனத்துக்குப் போகிறது என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிவரவில்லை.

அடுத்து மின்சாரம். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை ரிச்சர்ட் கேட்டன் எனும் பிரிட்டிஷ் மருத்துவர் 1875இலேயே காட்டியிருந்தார். மனிதர்களிடம் யாரும் பதிவு செய்ததில்லை. அந்த மின்சாரம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு அளவுதான். இதயத் துடிப்பை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்கப் பார்த்தார்.

1924 ஜூலையில் 17 வயது இளைஞர் ஒருவரிடம் பதிவு கிடைத்தது. அறுவைச் சிகிச்சையால் அவருடைய மண்டையோட்டில் எலும்பு இல்லாத ஓர் இடம் இருந்தது. பெர்கர் உடனே அறிவிக்கவில்லை. ரத்த நாளத்தின் துடிப்போ, தசை அசைவோ அப்படிக் காட்டுகிறதோ என்ற சந்தேகம். மகன் கிளவுஸின் தலையிலும் பதிவு செய்து பார்த்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1929இல்தான் கட்டுரை வெளிவந்தது.

கண்ணை மூடி அமைதியாக இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 10 அலைகள். கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போட்டாலோ அவை அடங்கிவிடுகின்றன. ஆல்ஃபா அலை என்று பெயர் வைத்தார். மனம் வேலை செய்வது முதன்முறையாகக் காகிதத்தில் தெரிந்தது, அல்லது அப்படித்தான் அவர் நம்பினார்.

தண்ணீர் வண்டும் கேட்ட கேள்வி

ஜெர்மனியில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில், நோபெல் பரிசு வென்ற எட்கர் ஏட்ரியன் அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார். பெர்கரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது.

ஆனால் அதில் ஒரு சங்கடம். அலைகள் மூளை முழுவதிலிருந்தும் வருவதாகப் பெர்கர் நினைத்தார். தலையின் பின்பக்கம், பார்வைக்குரிய பகுதியிலிருந்து வருவதாக ஏட்ரியன் காட்டினார். போதாக்குறைக்கு, ஒரு தண்ணீர் வண்டிடமும் அதேபோன்ற அலைகளைப் பதிவு செய்தார். அப்படின்னா அந்த அலைதான் உணர்வு என்று எப்படிச் சொல்வது? அக்காவின் மனம் எப்படி அறிந்தது என்பதற்கும் அதில் பதில் இல்லை.

இருண்ட பக்கம்

நாஜிகள் பெர்கரைத் துரத்திவிட்டார்கள் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதை மறுக்கின்றன. அவர் 1938இல், 65 வயதில் ஓய்வுபெற்றார். அதோடு, பரம்பரை நோய் என்ற பெயரில் மனநோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் கட்டாயக் கருத்தடை செய்ய ஆணையிட்ட நீதிமன்றத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு அவருடைய கருவி எவ்வளவு உதவியது என்று நினைக்கும்போது இது உறுத்துகிறது.

உடல்நலம் கெட்டு, மனச்சோர்வில் மூழ்கிய பெர்கர் 1941 ஜூன் முதல் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

உணர்வை அளக்க இன்னும் ஒரு தராசு இல்லை. மருத்துவர்கள் நோயாளியிடம் கையை அசைக்கச் சொல்கிறார்கள், கண்ணைத் திறக்கச் சொல்கிறார்கள். பதில் வந்தால் உணர்வு இருக்கிறது. வராவிட்டால்?

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளைக் காயத்தால் எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேர் சோதிக்கப்பட்டனர். கையைத் திறந்து மூடுவதாகவோ, டென்னிஸ் ஆடுவதாகவோ நினைக்கச் சொன்னார்கள். ஸ்கேன் அல்லது ஈஈஜி வழி பார்த்தபோது 60 பேரின் மூளை அதைச் செய்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் அசையாமல் படுத்திருந்ததாகத்தான் தெரிந்தது.